மூன்று கோப்பை மாவின் எடை

சவுரிராயன் உலகத்தில் இரண்டே பேரைத்தான் நம்பினான். ஒன்று தராசு, மற்றது அவன் பெண்சாதி அம்மணி. இதில் யார் முதல் என்று கேட்டால் சற்று யோசிப்பான். அம்மணி பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் மட்டும் யோசிக்காமல் பதில் சொல்வான்.

அவள் பக்கத்தில் இருப்பதுதான் அபூர்வம். அவன் விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே, ராஜாமணியின் ரொட்டிக் கடையில் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் திண்டிவனத்தில் ஓர் அமெரிக்க அம்மாளின் பங்களாவில் சமையல் செய்துகொண்டிருந்தாள். நடுவில் இருபத்துமூன்று மைல் ரயில் பாதை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவான். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு நாள் குடும்பம். மழை, காய்ச்சல், ராஜாமணியின் முணுமுணுப்பு எல்லாம் கழித்தால் நாற்பதுதான் தேறும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர்கள் சேர்ந்திருந்தது மொத்தம் எட்டு மாசம். பிள்ளை இல்லாததற்குச் சொந்தக்காரர்கள் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். ரயில் நேரத்தை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

சேர்ந்து குடியிருக்க வழி தேடாமல் இல்லை. விழுப்புரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், முதலில் எந்த ஊர் என்பார்கள், அப்புறம் எந்தத் தெரு என்பார்கள், அதற்கப்புறம் வீடு காலியாக இல்லை என்பார்கள். ராஜாமணியின் கடையில் மாவு மூட்டைக்கு இடம் உண்டு, ஆளுக்கு இடமில்லை. சவுரிராயன் அந்த மூட்டைகள் மேலேதான் தூங்கினான். இத்தனைக்கும் மேலே அம்மணிக்கு ஒரு வீம்பு இருந்தது. வேலை இல்லாமல் வந்து, அவன் கொண்டுவருவதைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க அவளால் ஆகாது. பன்னிரண்டு வயதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற கை அது, நிறுத்தினால் வலிக்கும் என்பாள்.

தராசு மேல் அவனுக்குப் பித்துப் பிடித்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அவன் பிறந்தது வல்லத்துக்குப் பக்கத்தில். அப்பா பெரியசாமி அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர். கூலி கேப்பையாகத்தான் வரும். அதை அளந்துபோடும் பண்ணைக் காரியக்காரனின் கை இருக்கிறதே, அதற்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கேப்பையை உயரத்திலிருந்து பொலபொலவென்று படிக்குள் விழ விடுவான். கட்டைவிரல் படிக்குள்ளேயே இருக்கும். நிறைந்ததும் முழங்கையால் ஒரே இழுப்பில் தலை தட்டுவான். வீட்டுக்கு வந்து அம்மா அதைத் தன் படியில் கொட்டி இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு பிடி குறையும். தினம் தினம் ஒரு பிடி.  அப்பா கேப்பையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எட்டு வயதிலேயே சவுரிராயன் முடிவு கட்டிவிட்டான். தான் ஒருவருக்கு அளக்கிற காலம் வந்தால் குலுக்கி, தட்டி, மேலே கோபுரமாகக் குமித்துத்தான் அளப்பது. தலை தட்டுகிறவன் மனுஷனே இல்லை.

பதினாறு வயதில் புதுச்சேரிக்குப் போய் ரொட்டி வேலை கற்றபோதுதான் முதன்முதலாகத் தராசோடு பழகினான். கட்டைவிரல் வைக்க இடமில்லாத சாமான். ஏழை பணக்காரன் பார்க்காத சாமான். தராசிலும் தில்லுமுல்லு உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குள் மனசு போய்விட்டது, என்ன செய்ய. ராத்தல் ரொட்டி என்றால் அவன் கையில் ராத்தலுக்கு ஒரு குன்றிமணி குறையாது. ராஜாமணி அவனை வைத்திருந்ததே அதற்காகத்தான்.

அம்மணிக்குத் தராசைக் கண்டால் ஆகாது. பங்களாவில் தராசே கிடையாது. அமெரிக்க அம்மாளுக்கு எல்லாம் கோப்பைக் கணக்கு. மாவு இத்தனை கோப்பை, சர்க்கரை இத்தனை கோப்பை என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்வாள். அம்மணி எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு தரம் கேட்டால் மறக்கமாட்டாள். அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு அவள் சுடும் மஞ்சள் கேக்கில் ஒரு துண்டை ஞாயிற்றுக்கிழமைதோறும் வாழை இலையில் சுற்றி அவனுக்குக் கொடுத்தனுப்புவாள். விக்கிரவாண்டி வருவதற்குள் தின்று தீர்த்துவிட்டு, விழுப்புரம் வரை இலையை முகர்ந்துகொண்டு வருவான்.

ஒரு ஞாயிறு அவன் அப்படித் தின்று தீர்க்காமல் பாதியைக் கொண்டுவந்து ராஜாமணிக்குக் கொடுத்தான். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. 1938-ஆம் வருஷம், மாசி மாதம்.

ராஜாமணி நல்லவர். சிரிக்கமாட்டார், அவ்வளவுதான். எதையும் மடக்கிய விரல் மொட்டியால் தட்டிப் பார்த்துத்தான் அபிப்பிராயம் சொல்வார். ரயில்வே காலனியில் சனிக்கிழமைதோறும் பாட்டும் நடனமும் நடக்கும். அதற்குப் பட்டணத்திலிருந்து வரும் கேக்குகள் ரயிலில் நசுங்கிக் காய்ந்துபோய் வருகின்றன என்று காலனிக் காரியதரிசி அவரிடம் புலம்பியிருந்தார். வாரம் பன்னிரண்டு கேக்கு வேண்டும். சவுரிராயனுக்குத் தெரிந்ததெல்லாம் கள் ஊற்றிப் புளிக்கவைக்கிற ரொட்டி மட்டுந்தான். ராஜாமணி அந்தப் பாதித் துண்டைத் தின்று, விரலைத் துடைத்து, வெகுநேரம் அடுப்பையே பார்த்தார்.

"அளவ எழுதிக்கினு வா சவுரி. ராத்தல், அவுன்ஸ் கணக்குல. கோப்பை கீப்பை எல்லாம் நம்ம கடையில ஆவாது. ஒண்ணு சரியா வந்தா பன்னெண்டும் வரும். வந்தா உன் சம்சாரத்துக்கு இங்கியே வேலை. பின்னாடி வெறகு ரூமைக் காலி பண்ணித் தர்றேன், ரெண்டு பேரும் இருந்துக்குங்க."

சவுரிராயனுக்கு அன்றைக்கு ரொட்டி மாவு எது, தன் கை எது என்றே தெரியவில்லை. விறகு ரூமைப் பத்துத் தரம் போய்ப் பார்த்தான். பத்தடிக்கு எட்டடி. ஒரு ஜன்னல். மேலே ஓடு. அடுப்புச் சுவர் ஒரு பக்கம் இருப்பதால் மழைக்காலத்தில் குளிராது. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவன் திண்டிவனம் போய் விஷயத்தைச் சொன்னபோது அம்மணியின் கண் விரிந்தது. கூடவே அவளிடமும் ஒரு சேதி இருந்தது. பங்களா அம்மாள் இன்னும் மூன்று வாரத்தில் அமெரிக்கா போகிறாள், திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். ராணிப்பேட்டையில் இருக்கும் அவள் சிநேகிதி ஒருத்தி அம்மணியைத் தன்னிடம் அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ராணிப்பேட்டை என்றதும் சவுரிராயன் ரயில் கணக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமையே திரும்ப அங்கே ரயில் கிடையாது. ஐம்பத்திரண்டு நாள் நாலைந்து நாளாகிவிடும்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருப்பதாக அவள் சொன்னாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

அளவைக் கேட்டபோது அவள் விரலை மடக்கிச் சொன்னாள். வெண்ணெய் ஒன்று, சர்க்கரை இரண்டு, மாவு மூன்று, முட்டை நாலு. கடைசியில் பால் ஒன்று, பொங்குகிற பவுடர் மூன்று சின்னக் கரண்டி. இவ்வளவுதானா என்றான். இதற்கு மேல் மந்திரமா வேண்டும் என்றாள். பங்களாக் கோப்பைக்கு ஜோடியாக இருந்து பிடி உடைந்துபோன ஒன்றை அம்மாளிடம் கேட்டு வாங்கி அவனிடம் கொடுத்தாள். மாவை எப்படி அளக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அளப்பது என்றால் அவளுக்கு ஒரே விதந்தான். அவனும் கேட்கவில்லை. அளப்பது என்றால் அவனுக்கும் ஒரே விதந்தான்.

புதன்கிழமை ரொட்டி வேலை முடிந்ததும் கடையில் அவன் அளந்தான். பார்த்தவர்கள் பூஜை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கோப்பையில் மாவைக் கொட்டி மூன்று தரம் தரையில் தட்டினான். இறங்கிய இடத்தில் இன்னும் போட்டான். மறுபடி தட்டினான். அதற்கு மேல் இனி ஒரு துகள் நிற்காது என்கிற வரை குமித்தான். அம்மணியின் கேக்குக்கு அளப்பதில் கஞ்சத்தனம் செய்வானா. அப்புறம் தராசில் போட்டான். முதல் கோப்பை ஆறு அவுன்ஸ். இரண்டாவது ஆறரை. மூன்றாவது ஏழு. மூன்றும் மூன்று விதமாக வந்ததில் சற்றுக் குழம்பினான். போகட்டும், அதிகமே இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஏழு என்று எழுதினான். சர்க்கரையையும் அப்படியே குமித்தான். வெண்ணெயும் கோபுரமாகத்தான் நின்றது. பாலைக் குமித்து அளக்க ஆண்டவனாலும் முடியாதாகையால் அது மட்டும் சரியாக அமைந்தது. முட்டை நாலு, கடைத்தெருவில் வாங்கிய நாட்டுக்கோழி முட்டை.

கேக்கு வந்த கோலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மேலே பிளந்து, ஓரம் கருகி, உள்ளே இறுகிக் கிடந்தது. ராஜாமணி மொட்டியால் தட்டினார். ணங் என்றது. இன்னொரு தரம் தட்டினார்.

"இத வெச்சு செவுரு எழுப்பலாம், சவுரி" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காரியதரிசி ருசி பார்க்க வருகிறார், திங்கட்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் பட்டணத்துக் கேக்கே வரட்டும் என்று சொல்லிவிட்டேன் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் சவுரிராயனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாவு மூட்டை மேல் படுத்துக்கொண்டு யோசித்தான். தன் அளவில் குறையில்லை, தராசு பொய் சொல்லாது. அப்படியானால் அவள் சொன்ன கணக்கில்தான் கோளாறு. அம்மணி மறப்பவளும் இல்லை. இந்த இடத்தில் அவன் புத்தி நின்றிருக்கலாம். நிற்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாளே. யோசிக்க என்ன இருக்கிறது? ராணிப்பேட்டை பங்களாவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமாம், தனியாக ஓட்டு வீடு கொடுப்பார்களாம். இங்கே விறகு ரூம், பத்தடிக்கு எட்டடி. வரப் பிடிக்காமல், அதை முகத்துக்கு நேரே சொல்ல மனமும் இல்லாமல், அளவை மாற்றிச் சொல்லியிருப்பாளோ? இதை நினைத்ததற்காக அவனுக்கே அவன் மேல் வெறுப்பு வந்தது. ஆனாலும் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அதையேதான் நினைத்தான். அவள் இடத்தில் தான் இருந்தாலும் ராணிப்பேட்டைக்குத்தான் போவோம் என்று தோன்றியபோது இன்னும் துக்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையின் கைத்தராசையும் எடைக்கற்களையும் ராஜாமணியிடம் கேட்டு வாங்கித் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டான். கேக்கையும் கோப்பையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினான். முண்டியம்பாக்கத்தில் ஏறிய, வேர்க்கடலை விற்கும் மல்லாட்டைக்காரி ஒருத்தி, ரயிலில் எடை போட்டு விற்கத்தான் தராசோடு வருகிறானோ என்று சண்டைக்கு வந்தாள். ஒரு பிடி மல்லாட்டையை எடை போட்டுக் காட்டி அவளைச் சமாதானம் செய்தான். 

பங்களா அம்மாள் ஞாயிறு ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். மத்தியானம் வரை சமையற்கட்டு அவர்களுடையது. ஆறு வருஷத்தில் சவுரிராயன் அந்தச் சமையற்கட்டுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் பின்னால் அவள் இருந்த குடிசையோடு சரி. அம்மணி அவன் கொண்டுவந்த கேக்கைப் பல்லால் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கதவு நிலையில் தட்டிப் பார்த்தாள். ஓசை கேட்டதும் சிரித்தாள். வாயில் துணியை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வேறொரு நாளாக இருந்தால் அவனும் சேர்ந்து சிரித்திருப்பான்.

"அம்மணி, அளவ மாத்திச் சொல்லிட்டியா?" என்றான்.

அவள் சிரிப்பு நின்றது. அவன் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் எட்டு மாசமே சேர்ந்திருந்தாலும் அந்த முகத்தை அவளுக்குப் படிக்கத் தெரியும்.

"மறந்து மாத்திச் சொல்லிட்டேனான்னு கேக்குறியா மாமா? இல்ல, வேணும்னே சொல்லிட்டேனான்னு கேக்குறியா?"

அவன் தரையைப் பார்த்தான். 

அம்மணி அலமாரிப் பக்கம் திரும்பினாள். மாவு டப்பாவை இறக்கினாள். ஒரு காகிதத்தை விரித்து அதன் மேல் மாவைச் சல்லடையில் சலித்தாள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். மாவு பஞ்சாக எழும்பி நின்றது. அதைக் கரண்டியால் அள்ளி, கோப்பைக்குள் உயரத்திலிருந்து மெதுவாக விழ விட்டாள். தட்டவில்லை, அமுக்கவில்லை. நிறைந்ததும் மழுங்கல் கத்தி ஒன்றை எடுத்து, அதன் முதுகால் கோப்பை விளிம்போடு ஒரே இழுப்பாக இழுத்தாள். மிஞ்சியது காகிதத்தில் விழுந்தது.

சவுரிராயனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அதே உயரம், அதே பொலபொல, அதே இழுப்பு. வல்லத்துக் களத்தில் அப்பாவுக்கு அளந்துபோட்ட அந்தக் கை, தன் அம்மணியின் கையில் வந்து உட்கார்ந்திருந்தது. எழுந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இன்னா பண்றே நீ? தலை தட்டுறியா?"

"அளக்குறேன்."

"இதுவா அளவு? இது காரியக்காரன் அளவு, அம்மணி."

அவளுக்கு அந்தக் காரியக்காரனைத் தெரியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வாயால் கேட்டிருக்கிறாள். கேப்பையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்த மாமனாரையும் தெரியும். கோபம் போகவில்லை. ஆனாலும் அவள் கையை உதறிக்கொள்ளவில்லை. அவன் கையோடு சேர்த்தே கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது கூலி, மாமா. ஒழைச்ச மனுசனுக்குப் போடுறது. அத எவ்ளோ குமிச்சாலும் தகும். இது கேக்கு. ஒரு கோப்பை வெண்ணெயும் நாலு முட்டையும் எவ்ளோ மாவத் தூக்குமோ அவ்ளோதான் போடணும். நீ எரக்கப்பட்டு அள்ளிப் போட்டியானா, அது மூச்சு முட்டிச் செத்துப்பூடும்."

அவன் கையை எடுத்தான். துண்டை அவிழ்த்துத் தராசை எடுத்து, ஜன்னல் கம்பியில் கட்டினான்.

அவள் தலை தட்டிய கோப்பையைக் கொட்டி நிறுத்தான். நாலு அவுன்ஸ். இன்னொன்று அளக்கச் சொன்னான். நாலு. மூன்றாவதும் நாலு, முள் ஒரு மயிரிழை அசைந்ததோ இல்லையோ. பிறகு அதே மாவைத் தன் வழக்கப்படி தட்டிக் குமித்து நிறுத்தான். ஆறே கால் வந்தது. மறுபடி செய்தான், ஆறே முக்கால். மூன்றாவது தரம் ஏழுக்கும் மேலே போயிற்று.  அம்மணியின் சார்பில் தராசே பேசிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷமாகத் தன் கை தாராளம் என்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தான். அந்தத் தாராளம் ஒரு தரம் வந்த மாதிரி மறு தரம் வருவதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மணியின் கை மூன்று தரமும் ஒரே சொல்லைச் சொன்னது. காரியக்காரன் தலை தட்டியதால் திருடனாகவில்லை. திருட வந்தவன், தலை தட்டினான். இது புரிந்தபோது அவனுக்கு நிம்மதி வரவில்லை, வெட்கம் வந்தது. மாவை மட்டுமா அவன் தப்பாக நிறுத்தான்.

மற்றதையும் நிறுத்தார்கள். சர்க்கரை இரண்டு கோப்பைக்குப் பதினாலு அவுன்ஸ் வந்தது. வெண்ணெய் எட்டு. முட்டையை உடைத்து ஊற்றி நிறுத்தபோது இன்னொரு வித்தியாசமும் அகப்பட்டது. பங்களாவில் வளர்வது சீமைக்கோழி, அதன் நாலு முட்டைக்கு நாட்டுக்கோழி முட்டை ஆறு போட வேண்டும். அவன் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டான். மாவுக்கு நேரே மூன்று ஏழு இருபத்தொன்று என்று இருந்ததை அடித்து, பன்னிரண்டு என்று எழுதினான். சலித்த மாவா சலிக்காத மாவா என்று கேட்டான். எடை போட்டபின் எப்படியானால் என்ன, ஆனால் கலப்பதற்குமுன் கட்டாயம் சலி என்று சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் நிதானமாகவே சொன்னாள், வேலைக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொள்வது போலச் சொன்னாள். அதுதான் அவனை அறுத்தது.

 மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். வழக்கமாக அவள் ரயில்வே கேட்டு வரை கூட வருவாள், ரயில் புறப்படும்வரை நிற்பாள். அன்றைக்குச் சமையற்கட்டு வாசலிலேயே இலைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சல்லடையைக் கழுவத் திரும்பிவிட்டாள்.

பாசஞ்சர் விக்கிரவாண்டியைத் தாண்டியும் பொட்டலத்தை அவன் பிரிக்கவில்லை. சட்டைப் பையில் சீட்டு இருந்தது. கேக்கு வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. விறகு ரூமும் கிடைத்துவிடும். அதில் வந்து இருக்க வேண்டியவள் வருவாளா என்பதைச் சொல்ல எந்தச் சீட்டிலும் எழுத்தில்லை. அவளை நம்பாதது ஒரு தப்பு, அதை அவளுக்குத் தெரிகிற மாதிரி முகத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனது இரண்டாவது தப்பு. ரயில் முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை காலை. ரொட்டியெல்லாம் வண்டியேறிப் போயாயிற்று. அடுப்பின் சூடு இறங்குவதற்காகக் காத்துக்கொண்டு, பன்னிரண்டு அவுன்ஸ் மாவை நிறுத்துச் சலித்துக்கொண்டிருந்தான். பட்டணத்துப் பக்கமிருந்து வரும் பாசஞ்சர் ஊதிக்கொண்டு நின்றது கேட்டது. கொஞ்ச நேரத்தில் பின்கதவை யாரோ தள்ளினார்கள். தலையில் தகரப்பெட்டியும் இடுப்பில் ஒரு கூடையுமாக அம்மணி நின்றாள்.

சவுரிராயன் கையில் சல்லடையோடு அப்படியே நின்றுவிட்டான். மாவு அவன் கால்மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"பெட்டிய எறக்கி வையேன் மாமா, கழுத்து வலிக்குது."

இறக்கி வைத்தான். இறக்கும்போது அதன் கனத்திலிருந்தே தெரிந்தது, அவள் தன் சாமான் முழுவதையும் கொண்டுவந்துவிட்டாள்.

"ராணிப்பேட்டை?" என்றான். 

"நீ கோப்பைய எடுத்துக்கினு போன அன்னிக்கே நான் வரலன்னு சொல்லிட்டேன். பங்களா அம்மாவும் சரி, உன் புருசங்கிட்டயே போய் வான்னுட்டாங்க."

"அன்னிக்கேவா? கேக்கு வருமா வராதான்னே தெரியாம?"

"கேக்கு வந்தாத்தான் நான் வருவேன்னு நெனைச்சுக்கினு இருந்தியா நீ?"

அவன் கண்ணைத் துடைத்தான். துடைத்த கையில் மாவு இருந்ததால் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தான். அவள் முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள், அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"நேத்து எனக்கு அழுகைதான் வந்துச்சு. உன் லெட்டரு வர்ற வரைக்கும் இருக்கலாம்னுதான் பார்த்தேன். அப்புறம் தோணுச்சு. நாலு நாளு நீ தனியாப் படுத்துக்கினு நெனைச்ச நெனைப்பே இப்பிடி. இன்னும் நாலு நாளு உட்டா இன்னா இன்னா நெனைப்பியோ. இனிமே எதுன்னாலும் என்னப் பக்கத்துல வெச்சுக்கினே நெனை."

கேக்குப் போடும்போது அவள் கை வைக்கவில்லை. சீட்டு சரியாக இருந்தால் யார் போட்டாலும் வர வேண்டும், நீயே போடு என்று சொல்லிவிட்டுக் கூடையிலிருந்த சாமானை எடுத்து வைக்கப் பின்பக்கம் போய்விட்டாள். அவன் மாவை நிறுத்தான், சர்க்கரையை நிறுத்தான். வெண்ணெய் தட்டில் விழுந்தபோது கை தன்னையறியாமல் இன்னும் ஒரு விரல் கிள்ளப் போயிற்று. தராசைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். ஆறு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றினான். கலவை ஊற்றிய தட்டை அடுப்புக்குள் தள்ளி, அடுப்பின் வாயை மூடிவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் இருப்பதற்காகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

ராஜாமணி வந்தபோது கடை முழுக்க அந்த வாசனை நின்றது. கேக்கு தட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை எழும்பி, மஞ்சளாக, நடுவில் பிளவில்லாமல் உட்கார்ந்திருந்தது. ராஜாமணி மொட்டியை மடக்கினார். தட்டப் போனவர் தட்டாமல் விரலால் மெல்ல அமுக்கினார். அமுங்கித் திரும்ப எழுந்தது. ஒரு துண்டு வெட்டித் தின்றார். பிறகு யாரும் பார்க்காத மாதிரி இன்னொரு துண்டு வெட்டித் தின்றார்.

"நாளைக்குக் காரியதரிசி வாயைத் தொறக்க மாட்டாரு. இன்னிக்கே சம்சாரத்துக்கு லெட்டர் போடு, சவுரி. ரூமை அடுத்த வாரம் ஆள வுட்டு ஒழிச்சுத் தர்றேன்."

"லெட்டர் வேணாங்க மொதலாளி" என்றான் சவுரிராயன். "ஆளும் வேணாங்க."

ராஜாமணி புரியாமல் அவனைப் பார்த்தார். பின்பக்கம் கட்டை உருளும் சத்தம் கேட்கவே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அம்மணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரூமிலிருந்த விறகில் பாதியைச் சுவரோரமாக வெளியே அடுக்கி முடித்திருந்தாள்.